ஸ்டூலைக் கவிழ்த்துப் பார்ப்பவள்

எங்கள் தொழிலில் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்போம். மேல்பக்கம் விற்பதற்காகச் செய்வது. எங்கே காசைப் போட்டார்கள், எங்கே கை வைத்தார்கள் என்பது அடிப்பக்கத்தில்தான் தெரியும். செனாய் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான் காஸ்ட் இன்ஜினியர். வாளி, கூடை, ஸ்டூல் என்று உங்கள் வீட்டில் கிடக்கும் சாமான்கள்தான். ஒவ்வொன்றிலும் எந்தப் பகுதி எதற்காக இருக்கிறது, அதற்கு என்ன செலவாகிறது, அந்தச் செலவு தகுமா என்று பார்ப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் இதையே பாடமாகவும் எடுக்கிறேன்.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே பிடி மட்டும் கையோடு வந்து, வாளி தண்ணீரோடு தரையில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்போது நீங்கள் வாயில் வந்தபடி திட்டியது என்னைப் போன்றவர்களைத்தான் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். நானும் உங்கள் கட்சிதான். உங்களைவிட அதிகமாகத் திட்டிக்கொண்டிருப்பவள்.

கடையில் ஒரு சோதனை

கூலாயில் முத்தையா அண்ணன் கடைக்குப் போனால் என்னால் சும்மா இருக்க முடியாது. பாத்திர பண்டம், பிளாஸ்டிக் சாமான் எல்லாம் கூரை வரை அடுக்கி வைத்திருப்பார். நான் ஒரு பக்கத்திலிருந்து எடுத்துக் கவிழ்த்துக்கொண்டே வருவேன். ஒரு நாள் ஒரு வாளி. மேலே பளபளவென்று பூப்படம். பிடி மாட்டும் ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சமாவது தடிப்பு வேண்டாமா? காகிதத்தில் ஓட்டை போட்டதுபோல் போட்டு வைத்திருக்கிறான். வாளியின் வேலையே தூக்குவது. தூக்கும் இடத்தில் மிச்சம் பிடித்துவிட்டுப் பூப்படத்துக்குச் செலவு செய்திருக்கிறான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களுக்கும் சேர்த்து வாளியைத் தலைகீழாகப் பிடித்து விளக்கினேன். அவர்கள் கையில் வைத்திருந்த வாளியைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

முத்தையா அண்ணன் கோபப்படவில்லை. கல்லாவில் இருந்தபடியே சொன்னார்: "தங்கச்சி, வாங்கறவங்க யாரும் அடியில பார்க்கறது இல்ல. நீங்க பார்த்துப் பார்த்து மத்தவங்களுக்கும் சந்தேகம் வருது லா."

பூவா, காற்றா

சொந்தக்காரர்களுக்கு என் வேலை புரிந்ததே இல்லை. செலவைக் குறைக்கச் சம்பளம் வாங்குகிறவள், ஆகவே கஞ்சத்தனத்தில் பட்டம் பெற்றவள். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. என் நாத்தனார் தன் மகளின் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்தாள். செலவு கையை மீறிப் போகிறது, எதைக் குறைக்கலாம் என்று என்னைக் கேட்டாள். நான் முறையாகவே ஆரம்பித்தேன். வருகிறவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், பேசுவார்கள். மத்தியான வெயில். தகரக் கூரை. அப்படியானால் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும். மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வைக்கும் பூ வளைவு இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அதை விட்டுவிடு என்றேன்.

போய்ப் பார்த்தால் பூ வளைவு அப்படியே நிற்கிறது. வாடகைக்கு எடுப்பதாக இருந்த பெரிய காற்றாடிகளைத்தான் காணோம். வந்தவர்கள் சாப்பாட்டுத் தட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவருக்கு மயக்கமே வந்துவிட்டது. அதைவிட, "ஸ்டெல்லா கிட்ட கேட்டுத்தான் குறைச்சோம்" என்று என் பெயரை வேறு போட்டு வைத்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நாத்தனார் சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணி, போட்டோவுல காத்தா தெரியப் போவுது? பூதானே தெரியும்."

உட்காரத்தான் ஸ்டூல்

நாத்தனாரைக்கூட மன்னித்துவிடலாம். அவள் இன்ஜினியர் இல்லை. எங்கள் தொழிற்சாலை மேனேஜர் சேகரன் படித்தவர். அவர் வந்த புதிதில், எங்கள் ஸ்டூலை வார்க்கும் அச்சு தேய்ந்துபோய்ப் புது அச்சு செய்ய வேண்டிய நேரம். ஸ்டூலைக் கவிழ்த்தால் அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னச் சுவர்கள் ஓடுவதைப் பார்க்கலாம். ரிப் என்போம். நம் விலா எலும்பு செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. புது அச்சில் அதை எடுத்துவிடலாம், கால்களையும் மெலிதாக்கலாம் என்றார் சேகரன். மிச்சமாகும் காசில் தங்க நிறத்தில் ஒரு முத்திரையும் கடைகளுக்குப் பெரிய விளம்பரத் தட்டியும். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பது இவருக்காகவே சொன்னதுதான்.

எடை தாங்காது என்றேன். அவர் ஏற்கெனவே சோதனை செய்துவிட்டாராம். பழைய ஸ்டூல் ஒன்றில் ரிப்பைச் சீவி எடுத்து, கிடங்கில் இருக்கும் கனத்த ஆள் ஒருவரை அதில் உட்கார வைத்தார்களாம். அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து தேநீரும் குடித்து எழுந்தாராம். என் கையெழுத்து இல்லாமல் அச்சுப் பட்டறைக்கு வேலை போகாது. நான் போட மறுத்தேன். அடுத்த கூட்டத்துக்குள் போடாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஜாடையாகச் சொன்னார். பிறகு சமாதானமாகச் சிரித்துக்கொண்டே, "ஸ்டெல்லா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க லா. ஸ்டூல்னா உட்காரத்தான். மத்ததெல்லாம் கஸ்டமர் பிரச்சினை" என்றார்.

யோங் பெங்கிலிருந்து ஒரு ஸ்டூல்

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் வீட்டில் உடைந்துபோன ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். அதைப் பிரித்து மேசையில் பரப்பி, ஒவ்வொரு துண்டையும் தூக்கிப் பிடித்து "நீ எதுக்கு இங்க இருக்க?" என்று கேட்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஷர்மினி என்ற மாணவி யோங் பெங்கிலிருந்து பஸ்ஸில் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கால் முறிந்து, மேல்பலகை நடுவில் பிளந்திருந்தது. கவிழ்த்தேன். வேறு ஏதோ கம்பெனியின் சரக்கு. அடியில் ஒரு ரிப்கூட இல்லை. மொட்டைத் தலைபோல் வழவழவென்று இருந்தது. சேகரன் எதைச் செய்யச் சொன்னாரோ, அதை வேறொருவன் ஏற்கெனவே செய்து விற்றும் விட்டான்.

யார் உட்கார்ந்தபோது உடைந்தது என்று கேட்டேன். அம்மா என்றாள். கை மணிக்கட்டில் மாவுக்கட்டு, சூடான எண்ணெய் தெறித்துத் தோளிலும் புண்ணாம். உட்கார்ந்தவருக்கு எண்ணெய் எப்படித் தெறிக்கும் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா உட்காரவில்லை, சாமி விளக்கேற்ற ஏறி நின்றிருக்கிறார் என்று அவள் விளக்கிய பிறகு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் வீடுகளில் சாமிப் பலகையை எங்கே அடிக்கிறோம்? யார் தலையும் அதற்கு மேலே போகக்கூடாது, யார் காலும் அதன் பக்கம் நீளக்கூடாது என்று சுவரில் உயரமாக அடிக்கிறோம். எங்கள் வீட்டு மாதா படமும் அப்படித்தான். மெழுகுவத்தி ஏற்ற நானே ஸ்டூலில்தான் ஏறுகிறேன். காலையும் மாலையும், கையில் நெருப்போடு, வீட்டுக்கு வீடு ஒரு பெண் ஸ்டூல் மேல் நிற்கிறாள். இது தெரியாமலா ஒருவன் உட்கார வைத்துச் சோதனை செய்கிறான்? வகுப்பில் யார் வீட்டில் எல்லாம் இப்படி என்று கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஷர்மினி மட்டும் உடைந்த காலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "மிஸ், இத செஞ்சவங்க வீட்டுல சாமியே இல்லையா?"

கல்லூரிச் சிக்கனம்

அந்த வகுப்பு முடிந்து தரையில் கிடந்த பிளாஸ்டிக் சில்லுகளை நாங்கள் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஒருங்கிணைப்பாளர் பிரேமா உள்ளே வந்தார். குப்பையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அடுத்த பருவத்திலிருந்து இந்த உடைக்கிற வேலை எல்லாம் கிடையாது, நான் பேசுவதை வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டினால் இரண்டு வகுப்பை ஒன்றாகச் சேர்த்துவிடலாம், மேசையும் வேண்டாம், பொருளும் வேண்டாம் என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டேன். கொண்டு வா, கவிழ்த்துப் பார், கேள் என்பதுதான் இந்த வகுப்பின் ரிப். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நான் பேசும் பேச்சு மட்டும். அந்த ஸ்டூலை வீடியோவில் காட்டியிருந்தால் ஷர்மினியின் அம்மாவைப் பற்றி யார் கேட்டிருப்பார்கள்? இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். பிரேமா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு உண்மையாகவே புரியாத முகத்தோடு சொன்னார்: "உங்க பாடமே செலவு குறைக்கறதுதானே மிஸ், நீங்களே கோவப்பட்டா எப்படி?"

அடியில் ஒட்டிய எச்சரிக்கை

அடுத்த கூட்டத்தில் சேகரனிடம் சொன்னேன். ஸ்டூலில் ஜனங்கள் உட்காருவதைவிட ஏறி நிற்பதுதான் அதிகம், சாமிக்கு விளக்கு வைக்க, பல்பு மாற்ற, அலமாரி மேலே இருக்கும் பெரிய பானையை எடுக்க. ஷர்மினியின் அம்மாவைப் பற்றியும் சொன்னேன். "அலமாக்" என்று வருத்தப்பட்டார். அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, மேலே ஏறி நிற்காதீர்கள் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றார். மேலே ஒட்டினால் அழகு கெட்டுவிடுமாம். அதனால் அடியில். அதாவது இந்த நாட்டில் ஸ்டூலைக் கவிழ்த்துப் பார்க்கும் ஒரே பைத்தியமான எனக்கு மட்டும் அந்த எச்சரிக்கை.

எழுந்து போய், ரிப்பைச் சீவி அவர் சோதித்த அதே பழைய ஸ்டூலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். பயம்தான், வீட்டுக் கடன் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் சொன்னேன்: "நீங்க இதுல ஏறி நின்னு, அந்தச் சுவர்க் கடிகாரத்த ஒரு தடவ நேராக்குங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்." அறையில் இருந்த எல்லாரும் ஸ்டூலைப் பார்த்தார்கள். சேகரன் எழுந்தார். ஒரு காலை வைத்தார். பலகை மெல்ல வளைந்தது. காலை எடுத்துவிட்டார். பிறகு யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொன்னார்: "இதுல எப்படி ஏறுறது, எனக்குப் புள்ளைங்க இருக்கு லா."

மறுபடியும் கூலாய்

அந்த வார்த்தைக்குப் பிறகு ரிப்பை எடுக்கும் யோசனையை அவரே கைவிட்டார். புது அச்சு ரிப்போடுதான் வந்தது. சேகரன் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேலை மட்டும் இருக்கிறது. கல்லூரியில் தோற்றேன். வீடியோ வந்துவிட்டது. அது ஓடி முடிந்ததும் மாணவர்களைக் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போய், என் காரின் பின்கதவைத் திறந்து, உடைந்த சாமான்களை அங்கேயே பரப்புகிறேன்.

எங்கள் புது ஸ்டூல் முத்தையா அண்ணன் கடைக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். பக்கத்திலேயே ஷர்மினி கொண்டுவந்த அதே ரகம், மொட்டை அடிப்பக்கத்தோடு ஒரு கட்டு. ஒரு அம்மா இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களுடையதைக் கீழே வைத்தார். ஓடிப்போய் இரண்டையும் கவிழ்த்துக் காட்டினேன். மணிக்கட்டு, எண்ணெய், எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "நல்லாத்தான் சொல்றீங்கம்மா. ஆனா இது கனம். நான் தெனம் ரெண்டு வேளையும் தூக்கிட்டுப் போயி, மேல ஏறி சாமிக்கு விளக்கு வைக்கணும். எனக்கு லேசானதே போதும்" என்றார்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. அவர் கையிலிருந்த மொட்டை ஸ்டூலை வாங்கினேன். அந்தக் கட்டில் இருந்த அத்தனையையும் தூக்கிக் கல்லாவில் வைத்து எல்லாம் எனக்குத்தான் என்றேன். வேறு வழியில்லாமல் அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே எங்கள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணிக்கட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்று மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். முத்தையா அண்ணன் என்னை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை. "லேசான ரகம் ஒரே நாள்ல முடிஞ்சிருச்சே தங்கச்சி, நாளைக்கே இன்னும் நாலு கட்டு சொல்லிடுறேன்" என்றார்.

ஊரார் விழக்கூடாது என்று என் கைக்காசைப் போட்டு, அவர்கள் விழப்போகும் ஸ்டூலுக்கே நல்ல சந்தை பிடித்துக் கொடுத்த ஒரே காஸ்ட் இன்ஜினியர் இந்த ஜொகூரில் நானாகத்தான் இருப்பேன்.