உப்பிப்போன புரோட்டான்

என் மச்சினனின் புரோட்டான் அழகாக வந்துவிட்டது என்று எனக்குச் சொன்னது என் மனைவிதான். "தம்பி ரிசல்ட் வந்துடுச்சாம். ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸாம்," என்றாள், நெத்திலியைக் கிள்ளிக்கொண்டே. விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் எங்கள் கூரைக்கு மேல் அப்போது ஒரு விமானம் இறங்கியது. நான் பல்லைக் கடித்த சத்தம் அதில் அமுங்கிப்போனது.

அவன் கடல் தாண்டி மெயின்லேண்டில், நான் இங்கே தீவுக் கல்லூரியில். ஆனால் ஒரே ஆராய்ச்சிக் குழு. புரோட்டானுக்குள் மின்னூட்டம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கணக்கிடுவது எங்கள் வேலை. வெளியையும் காலத்தையும் மீன்வலை போல முடிச்சு முடிச்சாகப் பிரித்து, அவற்றில் புரோட்டானின் உள்துகள்களான குவார்க்குகளை உட்காரவைத்து, மிச்சத்தைப் பெரிய கணினியிடம் விட்டுவிடுவோம். ஒரே தரவை இருவரும் தனித்தனியாக அலச வேண்டும். திங்கட்கிழமை குழுவின் முன் விடைகள் ஒத்துப்போனால் இருவருக்கும் பெருமை. என்னுடையது விலகினால் அவன் பேசுவான், நான் கைதட்ட வேண்டும்.

மாலையில் என் விடை வந்தது. அவன் குழுவுக்கு அனுப்பியிருந்ததைவிட ஒன்றரை மடங்கு பெரிய புரோட்டான்.

நிரலை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் படித்தேன். பிழை இல்லை. கடலுக்கடியில் வரும் இணையக் கேபிளைத் திங்கட்கிழமைக்குள் ஏதாவது சுறா கடித்துவிடாதா என்றுகூட யோசித்தேன்.

"என்ன ஆச்சு?"

"புரோட்டான் உப்பிப்போச்சு."

"நீங்க சாப்பிடறதையே அதுக்கும் போட்டீங்களா? டென்ஷன் மத் லோ, கவலைய விட்டுட்டு சாப்பிட வாங்க."

சாப்பிடவில்லை. தப்பு அவன் மேல்தான் என்று முடிவுகட்டி, போன் போட்டேன்.

"மாப்ள, உன் கணக்குல ஏதோ கோளாறு. பாவம், திங்கட்கிழமைக்குள்ள சரிபண்ணிடு."

"மாமா, எங்கிட்ட உங்க நம்பரை வாங்கவே இல்லையே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆசைப்பட்ட விடையை நோக்கிக் கணக்கை வளைத்துவிடக் கூடாது என்று எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவர் விடையையும் நிரல் ஒரு ரகசிய எண்ணால் பெருக்கியே காட்டும். என் எண் அவனிடம், அவன் எண் என்னிடம். அலசி முடித்த பிறகு கேட்டு வாங்கி வகுக்க வேண்டும். போன வாரம் அவன் எண்ணைப் பெரிய மனசோடு கொடுத்தவனே நான்தான். பொறாமை அவசரத்தில் என்னுடையதைக் கேட்க மறந்திருந்தேன்.

எண்ணைச் சொன்னான். வகுத்தேன். புரோட்டான் சமர்த்தாகச் சுருங்கி, அவனுடையதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அக்காகிட்ட சொல்லட்டுமா மாமா?"

"வேணாம் மாப்ள, நல்லா இருப்ப."

நிம்மதியாக இரண்டு விடைகளையும் ஒரே படத்தில் வரைந்தேன். மனைவி தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு புள்ளியும் ஒண்ணாத்தானே இருக்கு. அப்புறம் ஏன் உங்களுதுக்கு மட்டும் மேலயும் கீழயும் இவ்ளோ நீளக் கோடு?"

பிழை அளவைக் காட்டும் கோடு அது. நீளமாக இருந்தால் விடையின் நம்பகம் குறைவு. மச்சினனுடையது கொசுவின் கால் அளவுதான் இருந்தது.

நான் பல்லைக் கடித்த அந்த நேரம் பார்த்து ஒரு விமானம்கூட இறங்கவில்லை.