பெயர் மாறிய இரண்டு மழைப்படங்கள்

ஹெலனின் குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்து ஜீவனஹள்ளியில் குடியேறியது. அவளுக்கு ஒரு வானிலை நிறுவனத்தில் வேலை. பெருமழை பெய்தால் செயற்கைக்கோள் சொல்லும் அளவையும் தரையிலுள்ள ரேடார் சொல்லும் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மழைகூடப் பரவாயில்லை, பக்கத்து மேசைக்காரர்கள்தான் பெரும்பாடு. க்ளென் ரேடார் கட்சி, கிரண் செயற்கைக்கோள் கட்சி. மேகத்தின் உச்சந்தலையைப் பார்த்து ஜோசியம் சொல்கிறவன் என்று கிரணைக் க்ளென் சீண்டுவான். கிரணும் சளைத்தவன் இல்லை.

ஏப்ரலில் ஒரு மாலை இடிமழை நகரைப் புரட்டிப் போட்டது. மறுநாள் ஒப்பிடுவதற்காக ஹெலன் இரண்டு படங்களையும் ஒரே அளவுக் கட்டங்களாக மாற்றினாள். அப்புறம் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. அங்கேதான் அவளுக்குக் குறும்பு தலைதூக்கியது. தலைப்புகளை மாற்றிப் போட்டு, மழைமானிகளின் அளவையும் சேர்த்து, மீட்டிங்கில் திரையில் காட்டினாள்.

செயற்கைக்கோள் என்று பெயரிட்ட படத்தில் ஜீவனஹள்ளியே மூழ்கியிருந்தது. மழைமானியில் அதில் பாதிகூட இல்லை. க்ளென் எழுந்தே விட்டான்.

"பாத்தியா மச்சா உன் சாட்டிலைட்ட? இத நம்பி குடைகூட எடுக்க முடியாது."

ரேடார் என்று பெயரிட்ட படமோ பொம்மனஹள்ளியில் கொட்டித் தீர்த்தது. அங்கே புழுதிகூட நனையவில்லை. "உன் ரேடார ஸ்வல்ப டாக்டர்கிட்ட காட்டு, குரு," என்றான் கிரண், கன்னடம் கலந்து.

இருவரும் ஆசைதீரத் திட்டி முடிக்கும்வரை ஹெலன் காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சாரி, பேர மாத்திப் போட்டுட்டேன்."

மேலாளர் ஸ்ரீவித்யா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். புரையேறியதுதான் மிச்சம்.

அன்று ஜீவனஹள்ளியில் ஆலங்கட்டி விழுந்திருந்தது. கட்டிகள் ரேடார் அலையைப் பலமாகத் திருப்பி அனுப்ப, ரேடார் அத்தனையையும் மழையென்று கணக்கிட்டுவிட்டது. உயரத்தில் விரிந்த மேகம் காற்றோடு தெற்கே பொம்மனஹள்ளிப் பக்கம் போக, செயற்கைக்கோள் அதன் கீழேயும் மழையைப் போட்டுவிட்டது. தங்கள் வாயாலேயே சொல்லிவிட்ட குறைகளை இருவரும் அறிக்கையில் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஹெலனுக்கும் தண்டனை கிடைத்தது. ஒக்கலிபுரத்தில் மாடி மாடியாக ஏறி, மழைமானி வைக்க அனுமதி வாங்க வேண்டும். முதல் வீட்டுக்கார அம்மா சாந்தகுமாரி அவள் நீட்டிய மழைமானிக் குழாயைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மழ பெய்யுதான்னு ஜன்னல்ல எட்டிப் பாத்தா தெரியாதாம்மா?"

"எங்க ஆபீஸ்ல ஜன்னல் தெறக்காதுங்க ஆன்ட்டி," என்றாள் ஹெலன்.

பாவம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்.