கோவா வெட்டப் பழகியவர்

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு சிறிய ஹோட்டலின் சமையலறையில் எனக்குக் கோவா, அதாவது முட்டைக்கோஸ், வெட்டுகிற வேலை. கோல்ஸ்லோ என்கிற பச்சைக் கோவாக் கலவைக்கு நூல் மாதிரி விழ வேண்டும். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். ஒரே இடத்தில் எட்டு மாதம் நின்றதே பெரிது.

கொட்டாஞ்சேனையில் என்னோடு ஒரே அறையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஊரில் டைப்பிங் படிப்பித்தவர். வெளிநாடு போக ஏஜென்டை நம்பி வந்து காத்திருந்தார். வடக்கில் சண்டை நடந்த காலம்; கொழும்புக்கு ஏன் வந்தாய் என்பதுதான் அப்போது தமிழர்களிடம் பொலிஸ் கேட்கும் முதல் கேள்வி. என் அடையாள அட்டையைப் பார்த்தால் தோட்டத்தான் என்று விட்டுவிடுவார்கள். ஏஜென்ட் கதையை வெளியே சொல்ல முடியாது; அவரிடம் வேறு பதிலும் இல்லை. பதில் இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

“எங்க ஹோட்டல்ல ரெண்டு வருசமா கோவா வெட்டுறேன்னு சொல்லுங்கண்ணே,” என்றேன்.

“கத்தியைத் தந்து வெட்டிக் காட்டு எண்டு கேட்டா?”

“அதுக்குத்தான் பழகணும்.”

பத்து நாள் பழகினார். விரல் நுனியை உள்ளே மடக்குங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் நீட்டியேதான் வைப்பார். வெட்டியதை வீச மாட்டோம். தடித்து விழுந்தது பருப்போடு போகும். கொஞ்சம் மெலிந்தது தேங்காய்ப்பூப் போட்டு வறையாகும். நூலாக விழுந்ததில் தேசிக்காய்ப் புளியும் மிளகும் விட்டு, ஹோட்டலிலிருந்து கொண்டுவந்த மயோனீஸைக் கலந்து பாணுக்குள் வைத்துத் தின்போம்.

“பச்சைக் கோவாவை மாடுதானடா தின்னும்,” என்று முதல் நாள் முகத்தைச் சுளித்தவர், ஐந்தாம் நாள் சட்டியை வழித்தார்.

“வெளிநாட்டுல சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட மாட்டீங்கண்ணே.”

“முதல்ல போக விடுறாங்களோ பாப்பம்.”

ஒரு ஞாயிறு காலை சார்ஜன்ட் ஒருவர் இரண்டு பேரோடு அறைக்கு வந்தார். கத்தி ஒன்றும் தரவில்லை. எவ்வளவு காலமாக வேலை என்று மட்டும் சிங்களத்தில் கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, இரண்டு வருசமாக ஹோட்டலில் கோவா வெட்டுகிறேன் என்றார் அண்ணன்.

சார்ஜன்ட் அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினார். விரல்களில் எல்லாம் புதுக் காயங்கள், இரண்டில் பிளாஸ்டர். பிறகு அதே வேலை செய்கிற என் கைகளைப் பார்த்தார். வலது ஆள்காட்டி விரலடியில் கத்தி உராய்ந்து காய்த்துப்போயிருந்தது. இடது கையில் ஒரு கீறலும் இல்லை.

“இவன் வேலைக்கு வந்து எத்தனை நாள்?” என்று என்னைக் கேட்டார்.

காயத்தைப் பார்த்த பிறகு இரண்டு வருசம் எடுபடாது என்று நினைத்தேன். அவரைக் காப்பாற்றத்தான் சொன்னேன், பத்து நாள் என்று.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். சார்ஜன்ட் சிரித்தார். ஜீப்பில் ஏற்றும்போது அவருக்குச் செருப்புப் போடவும் நேரம் கொடுக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் புதுக்கடை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். சோறும் கோவா வறையும் கட்டிக்கொண்டு போனேன். காவலுக்கு நின்றவன் பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க விட்டான்.

“ரெண்டு வருசம் எண்டு சொல்லித் தந்தது நீதானே?” என்றார் அண்ணன்.

“காயத்தப் பார்த்துட்டான்னு...”

“கத்தி புதுசு எண்டு சொல்ல வாயெடுத்தனான். அதுக்குள்ள நீ முந்திட்டாய்.”

அவர் கம்பிக்குக் கிட்ட வந்தார்.

“அடுத்த தவணைக்கு உன்ர முதலாளியைக் கூட்டிக்கொண்டு வா, தம்பி. அங்க வேலை செய்தனான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். விட்டிடுவாங்கள்.”

“சரிண்ணே,” என்றேன்.

இன்னும் பதினான்கு நாள் விளக்கமறியல் கொடுத்தார்கள். அந்தப் பதினான்கு நாளில் ஒரு நாள்கூட நான் முதலாளியிடம் கேட்கவில்லை. கேட்டால் என் வேலை போகும், பொய் சொன்னவன் என்று என்னையும் உள்ளே போடுவார்கள் என்ற பயம். அந்தத் தவணையன்று நான் மாத்தறையில் வேறொரு ஹோட்டலில் கோவா வெட்டிக்கொண்டிருந்தேன்.