துண்டு போட்ட நாற்காலி

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், எழுத்துப்பிழையும் வரும், ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், புதூர் பக்கம் கரிசல்காட்டு வழியில் எத்தனையோ இரவு தனியாக வந்திருக்கிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இது நடந்தது வெயில் இறங்காத ஒரு சாயங்காலம், கோவில்பட்டியில், ஆள் நிறைந்த மண்டபத்தில்.

என் மகள் பியூலா சென்னையில் பியானோ படிக்கிறாள். போன வருடம் அங்கே ஒரு மேடையில் பாதியில் கை நின்றுபோய் அழுதுகொண்டே இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஏறுகிற முதல் மேடை எங்கள் ஊர் சர்ச் மண்டபம். அன்று காலையில் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கும் கை நின்னுச்சுன்னா இனி பியானோவத் தொடவே மாட்டேம்ப்பா. அம்மா என் கண்ணுல படுத மாதிரி முன்னால உக்காரணும்."

"வாரேன்ட்டி, அரைநாள் லீவு சொல்லிட்டேன்" என்றாள் என் மனைவி எஸ்தர். அவள் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை பார்க்கிறாள்.

மண்டபத்து வாசலில் 'அனுமதி இலவசம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றும்போது பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"ஏலே, இலவசம்னு போட்டிருக்கே, என்னலே குடுப்பாவ?"

"பியானோ வாசிப்பாவளாம்."

"அது சரி, முடிஞ்ச பொறவு?"

"முடிஞ்ச பொறவு வீட்டுக்குப் போவணும்."

நான் எங்கே போனாலும் கடைசி வரிசை ஆள். மகளுக்காக முன்வரிசையில் உட்கார்ந்து, பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோலப் பக்கத்து நாற்காலியில் என் துண்டை விரித்துப் போட்டேன். "அண்ணாச்சி, ஆளு வருதா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வருது" என்றேன். தொடங்கப்போகிற நேரத்தில் எஸ்தர் போன் செய்தாள்.

"லோடு இன்னைக்கே போவணுமாம், விடமாட்டேங்காவ. பிள்ளைட்ட சொல்லிராதீங்க."

வருது என்று சொல்லிவிட்டு இப்போது துண்டை எடுத்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே என்று கூச்சம். அப்படியே விட்டுவிட்டேன்.

பியூலா வாசிக்கத் தொடங்கினாள். எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை, தலையைக் குனிந்து என் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை மெதுவாக நடக்க, இன்னொரு கை அதைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற மாதிரி காதில் விழுந்தது. பாதியில் வாசிப்பு நின்றுவிட்டது. முடிந்தது என்று நினைத்துப் பின்னால் யாரோ இரண்டு தட்டு கைதட்டி, வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அப்போது பக்கத்து நாற்காலி கிறீச்சென்றது. தீப்பெட்டி மருந்து வாடை வந்தது. எப்படியோ வந்துவிட்டாளே என்று நினைத்து, திரும்பாமலே முழங்காலை ஒதுக்கி இடம் கொடுத்தேன். அந்த நிமிடமே பியூலா விட்ட இடத்திலிருந்து எடுத்தாள், கடைசிவரை நிற்கவில்லை.

கைதட்டும்போதுதான் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி. நான் விரித்துப் போட்ட துண்டு நாலாக மடிந்து அதன்மேல் இருந்தது.

பியூலா ஓடி வந்தாள். "அம்மா எங்கப்பா? மடியில கைய வச்சுப் பெட்டி அடைக்குத மாதிரியே விரல ஆட்டிக்கிட்டு இருந்தா. அதப் பாத்துதாம்ப்பா எனக்குக் கை திரும்ப வந்துச்சு."

மடிந்திருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

எஸ்தர் வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. கூட வேலை பார்க்கிற மாரியம்மாளும் வந்திருந்தாள்.

"பாதியிலேயே ஏம்மா எந்திரிச்சுப் போயிட்ட?" என்று பியூலா கேட்டதும் எஸ்தர் முழித்தாள். மாரியம்மாள் சிரித்தாள். "ஏட்டி, ஒங்கம்மா தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல. எம் பக்கத்துலல்லா இருந்தா!"

"வெளையாடாதீங்க சித்தி."

"லைட்டு வெளிச்சத்துல கண்ணு கூசியிருக்கும், விடு" என்று நான்தான் பேச்சை முடித்தேன். துண்டைப் பற்றி மகளிடமும் மனைவியிடமும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

பியூலா இப்போது மேடை மேடையாக வாசிக்கிறாள், கை நிற்பதில்லை. ஆனால் எஸ்தர் உளுந்து புடைக்கும்போது, அன்று மண்டபத்தில் மகள் வாசித்த ராகத்தை முனகுகிறாள். மகள் வாசித்துப் பழகியதைப் போனில் கேட்டிருப்பாள், அது இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும், அன்று பியூலா நின்ற அதே இடத்தில் நிறுத்துகிறாள். புடைக்கிற சொளகை விரலால் இரண்டு தட்டு தட்டுகிறாள். கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறாள். பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்து முடிக்கிறாள்.

"ஏன் அங்கன நிப்பாட்டுத?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கன நிப்பாட்டுனேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

இன்று காலையும் புடைத்தாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

ஐப்பசி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை.