பிந்தி விழுந்த பூம்

நனைந்த கம்பளிக் கோட்டின் வாடையும், காகித விளக்கின் ஓரம் மெழுகுதிரியில் கருகும் வாடையும், பித்தளைக் குழல்களிலிருந்து சொட்டும் எச்சில் நீரின் உலோக வாடையும் ஒன்றாய்க் கலந்தால் எனக்கு அது நவம்பர். வுப்பர்டால் என்ற ஜெர்மன் நகரின் செங்குத்துத் தெருவொன்றில், ஆண்டுதோறும் வரும் விளக்குத் திருநாளில் பிள்ளைகள் விளக்கேந்திப் பாடிக்கொண்டு வர, அவர்களுக்கு முன்னால் எங்கள் பகுதியின் ஊதுகுழல் குழு மூச்சிரைத்து ஏறிக்கொண்டிருக்கும், அதன் பெரிய மேளத்தை வயிற்றில் கட்டியபடி என் அப்பா நடந்துகொண்டிருப்பார்.

அப்பாவுக்கு அப்போது வேலை செய்ய அனுமதியில்லை. எங்கள் அகதி விண்ணப்பம், வீட்டில் எல்லோருக்கும் அது "அந்த்ராக்", ஏதோ ஒரு அலுவலகத்து மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு பேக்கரிக்காரர் கிரேமர்தான் குழுவின் தலைவர். பழைய மேளக்காரருக்கு முழங்கால் பழுதாகிவிட, சும்மா நின்ற அப்பாவின் தோளைத் தட்டிப் பார்த்து, மேளத்தை மாட்டிவிட்டார். நாங்கள் அதற்குப் "பூம்பெட்டி" என்று பெயர் வைத்தோம். ஒற்றை அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, பழைய சேலை போர்த்தி, வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல அது உட்கார்ந்திருந்தது.

ஆனால் அப்பாவின் அடி பிந்தித்தான் விழும். ஊரில் சாமி வீதி வலம் வரும்போது முன்னால் போகிற மேளக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். சாமி வராமல் அவர்கள் நகர முடியாது. அந்தப் பழக்கத்தை அப்பா இங்கேயும் கொண்டுவந்திருந்தார். கடைசிப் பிள்ளையின் விளக்கு மூலை திரும்பிவிட்டதா என்று தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கோலை இறக்குவார். பூம் விழவேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் தோன்றும். குழல்களெல்லாம் அந்தப் பள்ளத்தில் கால் வைத்து, தடுமாறி, பிந்தி வந்த பூமின் மேல் சாய்ந்து எழும்பும்.

எனக்குப் பத்து வயது. மறுநாள் பள்ளிக்கூட முற்றத்தில் பையன்கள் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, கோழிபோலக் கழுத்தைத் திருப்பி, காத்திருந்து, "பூம்!" என்று குதித்தார்கள். அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

"அப்பா, ஏன் திரும்பித் திரும்பிப் பாக்கிறியள்? எல்லாரும் சிரிக்கிறாங்கள்."

"பின்னால வாற சின்னனுகளைப் பாக்காமல் எப்பிடியடி அடிக்கிறது?"

"கிரேமர் கைகாட்டுவார். அவரை மட்டும் பாருங்கோ."

அடுப்படியிலிருந்து அம்மா, "நான் கடைசியில வாறதால என்னைத்தான் பாக்கிறார் எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்!" என்றார்.

நான் சிரிக்கவில்லை. ஒரு வருடம் முழுக்க, சனிக்கிழமைதோறும், மாடிப்படிக்குக் கீழே அப்பாவை நிறுத்தி, கழுத்து திரும்பாதபடி அம்மாவின் கம்பளிச் சால்வையை இறுக்கிச் சுற்றிவிட்டு, கை தட்டித் தட்டித் திருத்தினேன். அவரும் சால்வையோடு நின்று, நான் சொன்னபடியே அடித்தார்.

அடுத்த நவம்பரில் அடி நேரத்துக்கு விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கிரேமர் அன்றைக்கென்றே சுடுகிற, களிமண் புகைக்குழாய் பிடித்த மாப்பொம்மை ரொட்டிகளில் மிகப் பெரியதை எனக்குத் தந்தார். குழு மிடுக்காக மூலை திரும்பிப் போய்விட, கடைக்குட்டிகள் மேளமுமில்லாமல் குழலுமில்லாமல் இருட்டில் தாங்களாகவே பாடிக்கொண்டு வந்தார்கள். அதைத்தான் நான் வெற்றி என்று நினைத்தேன்.

இப்போது நான் ஒன்பது பேர் கொண்ட ஒரு ஜாஸ் பித்தளைக் குழுவில் டியூபா என்ற பெரிய குழலை ஊதுகிறேன். அந்தத் தெரு ஊர்வலத்தின் இசையிலிருந்து பிறந்த குழு என்று எங்கள் சுவரொட்டிகளில் போடுகிறோம். அந்த ஏற்றத்தை, அந்தப் பள்ளத்தை வைத்து நானே ஒரு பாட்டு எழுதினேன். அது எழும்ப மறுத்தது. மேளக்காரன் யோனாஸ் இசைக் கல்லூரியில் படித்தவன். "எத்தனை மில்லிசெக்கன் பிந்தவேண்டும், சொல், அத்தனையும் பிந்துகிறேன்" என்றான், சொன்னபடியே பிந்தினான், பாட்டு பிணமாகக் கிடந்தது. ஒத்திகைகளில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போனது. வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் பாட்டை நீக்குவது என்று முடிவானது.

கடைசி வழியாக அப்பாவை அழைத்துப் போனேன். கோலைக் கையில் கொடுத்தோம். ஊதினோம். பூம், நேரத்துக்கு. மறுபடி ஊதினோம். மறுபடியும் நேரத்துக்கு. கழுத்து அசையவேயில்லை.

"அப்பா, முந்தி மாதிரிப் பிந்தி அடியுங்கோவன்."

"ஏலாது பிள்ளை. எவ்வளவு பாடுபட்டுத் திருத்தினனீ, இப்ப பிழை விடச் சொல்லுறியே?" பிறகு ஒத்திகைக் கொட்டகையின் பின்சுவரைக் காட்டினார். "பின்னால ஆர் வருகினம், நான் பாக்கிறதுக்கு?"

"உன் அப்பா கடிகாரம் மாதிரி!" என்று யோனாஸ் வியந்தான். அவனைக் கோலாலேயே அடிக்கலாம் போலிருந்தது.

பாட்டை நீக்கிவிட்டோம். கிரேமரின் பேக்கரி இருந்த இடத்தில் கைபேசிக் கடை இருக்கிறது. மாப்பொம்மைக்குக் களிமண் குழாய் இல்லை. விளக்கு ஊர்வலம் பள்ளிக்கூட முற்றத்தை மட்டும் சுற்றுகிறது, கைவண்டியில் வைத்த ஒலிபெருக்கிதான் பாடுகிறது. இதெல்லாம் போனால் போகட்டும். அந்தப் பள்ளம் எந்த ஒலிநாடாவிலும் இல்லை.

அன்று ஒத்திகை முடிந்து அதே ஏற்றத்தில் வீட்டுக்கு நடந்தோம். டியூபாவின் பாரத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, ஒரே சீரான அடியில் ஏறிக்கொண்டிருந்தார். "அப்பா, கொஞ்சம் நில்லுங்கோ" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் மூலை திரும்பிப் போனார்.