பெருவிரல் நகமும் ஒரு சின்ன பாட்டிலும்

மருந்துக் கடையில் நிற்கிறவளுக்கு மருந்தை எடுத்துக் கொடுப்பது கால் வேலை. அதை எப்படிப் போடக் கூடாது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றுவது முக்கால் வேலை. கவுண்டருக்கு உள்பக்கம் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். முக்கூடலில் எங்கள் கடையில் சான்றிதழ் முதலாளி அண்ணாச்சிக்கு, வாய் எனக்கு.

பிடுங்கிருவாவளோ?

பீடி சுற்றும் முத்தக்கா ஒருநாள் வலது பெருவிரலைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வந்தாள். நாள் முழுக்க ஈர இலையில் புழங்குகிற கை. நகம் மஞ்சளாகத் தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த நகத்தால்தான் அவள் பீடியின் வாயை மடக்குவாள். அது போனால் பீடித் தட்டு முன்னால் உட்கார முடியாது.

தோல் டாக்டர் பூஞ்சை என்று சொல்லி, நகத்தில் பூசும் மருந்து எழுதியிருந்தார். வாரம் ஒரு தடவை நகத்தைப் பெட்டியில் இருக்கும் சொரசொரப்பு அட்டையால் ராவி, துடைத்து, பூச வேண்டும். புது நகம் முழுசாக வளர ஆறு மாசத்துக்கு மேலும் ஆகலாம். பெட்டிக்குள் இருந்த தாளை வரி வரியாக வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “ஏட்டி, பூசுதேன். அப்பவும் சரியாகலேன்னா நகத்தைப் பிடுங்கிருவாவளோ?”

நிறம் பிடிக்காத பாட்டில்

அடுத்த வாரம் அவள் மகள் பள்ளிக்கூட உடுப்போடு வந்து பாட்டிலைக் கவுண்டரில் வைத்தாள். பார்க்க நகப்பூச்சு மாதிரியே இருக்கும் என்று எச்சரிக்க மறந்தது என் தப்பு. பிள்ளை பத்து விரலிலும் பூசியிருந்தாள். போதாததற்கு, அம்மா ராவிய அதே அட்டையால் தன் நகத்தையும் ராவியிருந்தாள்.

கெட்ட நகத்தில் பட்ட அட்டை நல்ல நகத்தில் படவே கூடாது, தூரப் போடு என்றேன். எட்டாததையும் எட்டுகிற மகன் என் வீட்டிலும் உண்டு, மருந்தை அலமாரி உச்சியில் வைக்கச் சொல்லு என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் சொன்னாள்: “அது சரிக்கா, கலரே பிடிக்க மாட்டேங்கு. வேற மாத்திக் குடுங்க.”

அடுப்புப் பக்கம்

வெயில் இல்லாத நாளில் கட்டின பீடியை அடுப்புச் சூட்டில் காட்டுவது முத்தக்கா வீட்டு வழக்கம். மருந்து பூசிய விரலையும் அப்படியே காட்டப் போயிருக்கிறாள், சீக்கிரம் காய்ந்தால் சீக்கிரம் தட்டில் உட்காரலாமே என்று. நல்லவேளை, காஸ் தீர்ந்திருந்தது. இதை அவளே கடைக்கு வந்து சொன்னாள்.

“எக்கா, அது தீப்பிடிக்கும்! அஞ்சு நிமிஷம் கையைச் சும்மா வையுங்க” என்றேன். மேலும் கீழும் பார்த்தாள். “இருவது வருசமா இந்தக் கை சும்மா இருந்ததே இல்ல. அதுக்கும் ஒரு மருந்து இருந்தாக் குடு.”

வாத்தியார் கேட்ட கேள்வி

முத்தக்கா நகத்தின் அடியில் நூல் அளவுக்குத் தெளிந்த நகம் எட்டிப் பார்த்ததும் தெரு முழுக்கச் செய்தி. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கால் பெருவிரலைக் காட்டி அதே பாட்டிலைக் கேட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு; விரல் ஓரம் சிவந்து வீங்கியும் இருந்தது. டாக்டர் பார்க்காமல் தர மாட்டேன் என்றேன்.

“ஓய், விக்கதுக்கு ஆள் வச்சிருக்கீரா, வெரட்டுததுக்கு வச்சிருக்கீரா?” என்று முதலாளியிடம் பாய்ந்தார். அண்ணாச்சி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அவ போகச் சொன்னாப் போயிரும் சார்வாள். நானும் அப்படித்தான் போவேன்.”

மடங்கிய வாய்

பாதி வளர்ந்ததுமே ‘போதும்ட்டி’ என்று நிறுத்தப் பார்த்தாள் முத்தக்கா. விடவில்லை. வருகிற போதெல்லாம் விரலைப் பிடித்து, புது நகம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். ஏழாம் மாசம் டாக்டர் நிறுத்தச் சொன்ன அன்று நேரே கடைக்கு வந்தாள். கவுண்டரில் கிடந்த துண்டுத் தாளைப் பீடி மாதிரிச் சுற்றி, பெருவிரல் நகத்தால் அதன் வாயை ஒரே அழுத்தில் மடக்கி, என் முன்னால் வைத்தாள். “ஏட்டி, இது என் நகம் இல்ல. ஒன் நகம்.”

பெற்ற பிள்ளையின் உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு போட நேரமில்லாதவள், இன்னொருத்தியின் நகத்தை ஏழு மாசம் அளந்துவிட்டுப் பெருமை பேசுகிறாள் என்றால், அவள் மருந்துக் கடைக்காரியாகத்தான் இருப்பாள்.