கொடிக்காலுக்குள் செருப்பு

முதியோர் இல்லத்தில் அப்பாவைச் சேர்த்து எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் மோகனூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. வந்தும் என்ன, நான் யாரென்றே அவருக்குத் தெரிவதில்லை.

"ரூமுக்குள்ள ஒரு வாய் சாப்பிடறதில்லீங்க. தோட்டத்துல உட்கார வச்சா ரெண்டு இட்லி தின்னுடறாரு. ஆனா அங்க போனதுமே செருப்பக் கழட்டிடறாரு. சக்கரைக் காலு, முள்ளு குத்துனா ஆறாது. நீங்க சொல்லுங்க" என்றார் நர்ஸ்.

அப்பாவின் செருப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஈர மண்ணும் அகத்தித் தழையும் கலந்த வாசனை.

எழுபதுகளில் எங்கள் வெற்றிலைக் கொடிக்கால் இப்படித்தான் மணக்கும். சித்திரை வெயிலிலும் அகத்தி நிழலில் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். வீட்டில் சிடுசிடுக்கிற அப்பா அங்கே கொடியோடு பேசிக்கொண்டிருப்பார். செருப்புக் கால் பட்டால் கொடி பட்டுப்போகும் என்று யாரும் செருப்போடு உள்ளே போவதில்லை. ஆறாவது படிக்கையில் புதுச் செருப்பைக் காட்டும் ஆசையில் நான் அப்படியே உள்ளே ஓடிவிட்டேன். அப்பா முதுகில் ஒன்று வைத்து, செருப்பைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்.

இன்று அகத்தி மரத்தடியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

"செருப்புப் போட்டுக்குங்கப்பா" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார்.

"ஏண்டா குமாரு, மறுக்காவும் செருப்போட வந்துட்டயா?"

எட்டு மாதம் கழித்து அவர் வாயில் என் பெயர் வந்தது. நர்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் செருப்பைக் கழற்றி, அவருடையதோடு சேர்த்து வெளியே வைத்துவிட்டு வந்தேன்.